லெய்டனில் பார்த்த பனி

ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் ஓடுகிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்கி ஏறினால் இருபது நிமிடத்துக்குள் லெய்டன். பிப்ரவரி மாதக் காலை. வயலுக்கும் வயலுக்கும் நடுவே நம் ஊரில் வரப்பு இருக்கும் இடத்தில் இங்கே வாய்க்கால். ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல எல்லா வாய்க்கால் மேலும் மெல்லிய பனித்தோல். கரையோரம் ஒரு வாத்து அதை மூக்கால் குத்தி உடைத்துக்கொண்டிருந்தது.

லெய்டன் என்றால் தமிழ் படித்தவர்களுக்குச் செப்பேடுகள்தான் நினைவுக்கு வரும். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி பொறித்த ஏடுகள் இந்த ஊரின் பெயராலேயே அறியப்படுகின்றன. நான் வந்தது வேறொன்றைப் படித்துப் பார்க்க. இருபது வருடமாக மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் ஒரு நீர் மூலக்கூறை வரைந்து, அதைச் சுற்றி நான்கு புள்ளிக்கோடுகள் போட்டு, “இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு” என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் புள்ளிக்கோட்டை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் கிடந்தது. திருவாரூரில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி இங்கே பனியை ஆய்வு செய்கிறாள். “வாங்க டீச்சர், காட்டறேன்” என்று அவள் எழுதிய ஒரு வரியை நம்பித்தான் கிளம்பினேன்.

நிலைய வாசலில் நின்றிருந்தாள். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, கையில் எனக்காக ஒரு குல்லா.

“பாத்து காலை வைங்க டீச்சர். உப்பு போட்டிருக்காங்க, ஆனாலும் வழுக்கும்.”

நடைபாதை முழுக்க உப்புத் தூவியிருந்தார்கள். பனி ஆங்காங்கே கூழாகிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். அவளுடைய ஆய்வின் முதல் பாடம் அந்தத் தெருவிலேயே கிடந்தது.

உப்போ காற்றோ, சாதாரணப் பனிக்கட்டி தனக்குள் வேற்றாளைச் சேர்ப்பதில்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்த ஐஸ் கட்டியைப் பாருங்கள். ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் வெள்ளையாக இருக்கும். நீரில் கரைந்திருந்த காற்றை உறையும் பனி தள்ளிக்கொண்டே போய், கடைசியில் நடுவில் குமிழிகளாகச் சிறைப்படுத்திய தடம் அது. கடல் நீர் உறையும்போதும் உப்பு பெரும்பாலும் வெளியே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை வீட்டாருடன் பிணைந்து, புள்ளி தவறாத கோலம்போல வரிசை கட்டுவதுதான் படிகப் பனி. அந்தக் கோலத்தில் இன்னொரு புள்ளி வைக்க இடம் கிடையாது.

அவள் ஆராயும் பனி வேறு. கடுங்குளிரான ஒரு பரப்பின் மேல் நீராவி வந்து மோதினால், ஒட்டிய மூலக்கூறு ஒட்டிய இடத்திலேயே நின்றுவிடும். நகர்ந்து வரிசையில் சேர அதற்குத் தெம்பு இருக்காது. அப்படி உருவாவது படிக வடிவமற்ற பனி. கனடாவில் பர்ட்டன், ஆலிவர் என்ற இருவர் 1935-இல் இதை முதலில் பதிவு செய்தார்கள். வரிசை இல்லாததால் வேற்றாளை வெளியே தள்ளவும் அதனால் முடியாது. நீரோடு கார்பன் டை ஆக்சைடோ அம்மோனியாவோ மெத்தனாலோ வந்து விழுந்தால், அதுவும் விழுந்த இடத்தில் குடியேறிவிடும். பிளஸ் டூ இயற்பியலில் சிலிக்கானுக்கு மாசூட்டுவது பற்றிப் படிக்கிறோமே, அதுபோல இது பனிக்கு மாசூட்டுவது.

சோதனைச்சாலைக்குப் போகும் முன் ஊருக்குள் ஒரு கட்டடத்தைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ராப்பென்பர்க் கால்வாயை ஒட்டி நடந்தோம். சுவர்களில் ஆளுயர எழுத்தில் கவிதைகள், சில சுவர்களில் இயற்பியல் சமன்பாடுகள். ஒளி விலகல் விதி தந்த ஸ்நெல் பிறந்த ஊர் இது. ஸ்டேன்ஸ்கூர் என்ற கால்வாய்க் கரையில் ஒரு பழைய கட்டடத்தின் முன் நிறுத்தினாள். 1807 ஜனவரியில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துத் தரைமட்டமான பகுதி அது. அங்கே பிறகு எழுந்த சோதனைச்சாலையில்தான் 1908 ஜூலை 10 அன்று காமர்லிங் ஒன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 4.2 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி. பூமியில் மனிதன் அதுவரை தொட்டிராத குளிர். இப்போது அந்தக் கட்டடத்தில் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஒன்னஸின் கருவியை போர்ஹாவே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

“அன்னைக்கு ஒரு படையே சேந்து உண்டாக்கின குளிர் டீச்சர். இன்னைக்கு நான் ஒருத்தியா பட்டனைத் தட்டிட்டு டீ குடிக்கப் போறேன்” என்றாள். குரலில் பெருமிதத்தைவிட நன்றிதான் அதிகம் கேட்டது.

பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகம் ரயில் பாதைக்கு மறுபுறம். விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசியின் மேல் படியும் பனியைச் சோதனைச்சாலையிலேயே செய்து பார்க்கும் வழக்கத்தை மேயோ கிரீன்பெர்க் என்ற அறிஞர் 1970களின் நடுவில் இங்கே தொடங்கி வைத்தார். உலகில் இந்தத் துறைக்கென்று அமைந்த முன்னோடிச் சோதனைச்சாலைகளில் இது ஒன்று.

கதவைத் திறந்ததும் முதலில் காதில் விழுந்தது சத்தம்தான். கீச்... கீச்... கீச். குளிரூட்டும் தலைக்குள் ஹீலியம் போய்வரும் ஒலி. மேசை மேல் ஒரு பானை அளவில் எஃகுக் கூடு. நாலாபக்கமும் போல்ட் இறுக்கிய விளிம்புகள், கண்ணாடிச் சாளரங்கள். உள்ளே காற்று அநேகமாக இல்லை. நடுவில் தொங்குவது ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு தட்டு, 15 கெல்வினில். ஒரு பக்கமிருந்து அகச்சிவப்பு ஒளி புகுந்து, தட்டைத் துளைத்து, மறுபக்கம் உணரியில் விழுகிறது.

நீரைத் தயார் செய்வதைப் பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் விரலளவு தண்ணீர். திரவ நைட்ரஜனில் முக்கி உறைய வைத்தாள், பம்பால் காற்றை இழுத்தாள், உருக விட்டாள். உருகும்போது உள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. மறுபடி உறைய வைத்தாள். மூன்று தடவை இப்படி. மூன்றாம் முறை குமிழி வரவில்லை. “இப்பத்தான் இது வெறும் தண்ணி” என்றாள். ஒரு துளியைத் தனியாக்க இத்தனை பாடு.

ஊசி வால்வை இம்மியளவு திறந்தாள். திரையில் அழுத்த எண் மெல்ல ஏறியது. சில நிமிடம் கழித்து மூடினாள். சாளரம் வழியே எட்டிப் பார்த்தேன். தட்டு முன்பிருந்த மாதிரியே இருந்தது.

“ஏம்மா, இதுல இப்ப பனி இருக்கா?”

“இருக்கு டீச்சர். ஒரு மைக்ரான்கூட வராது. தலைமுடி கனத்துல நூத்துல ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, இங்க தெரியும்.”

திரையில் ஒரு கோடு ஓடியது. 3 மைக்ரான் அருகே அகலமான பெரிய மேடு, 6 மைக்ரானில் சிறு திட்டு, 13 மைக்ரானை ஒட்டி இன்னொரு அகன்ற மேடு. மூன்றுமே நீர் மூலக்கூறின் அசைவுகள். முதலாவது ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே நீண்டு சுருங்குவது, இரண்டாவது மூலக்கூறு மடங்கி நிமிர்வது, மூன்றாவது அது மொத்தமாகத் தள்ளாடுவது.

நான் தேடி வந்த புள்ளிக்கோடு அந்த முதல் மேட்டில்தான் இருந்தது. தனித்த நீர் மூலக்கூறு ஆவியாகத் திரியும்போது இந்த அதிர்வு கூர்மையாக, மெலிதாக, இன்னும் குறைந்த அலைநீளத்தில் இருக்கும். அதன் ஹைட்ரஜன் அண்டை மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டதும் அதிர்வு தளர்ந்து 3.05 மைக்ரானுக்கு நகர்கிறது, பல மடங்கு வலுவாகிறது, அண்டை வீடு ஒவ்வொன்றும் சற்றே வேறுபடுவதால் அகலமாகவும் விரிகிறது. அந்த மேட்டின் உயரமும் அகலமும் இடமும் ஹைட்ரஜன் பிணைப்பின் கைரேகை. இருபது வருடம் சாக்பீஸால் நான் போட்ட கோடு அங்கே மலையாக நின்றது.

அடுத்து, தட்டைச் சூடாக்கிச் சுத்தம் செய்து, நீரும் கார்பன் டை ஆக்சைடும் சரிபாதி கலந்த கலவையைப் படிய வைத்தாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 3 மைக்ரான் மேடு எழுந்தது, ஆனால் பழைய கம்பீரம் இல்லை. அதன் இடது தோளில், 2.73 மைக்ரானில், சின்னதாகக் கூர்மையாக ஒரு பல் முளைத்தது.

“அதுதான் டீச்சர். கை விரிச்சுட்டு நிக்கிற ஹைட்ரஜன்.”

பற்றிக்கொள்ள யாரும் கிடைக்காத ஹைட்ரஜனின் அதிர்வு அது. சென்டிமீட்டருக்கு 3661 அலை. இதே சோதனைச்சாலையிலிருந்து 2007-இல் வெளிவந்த ஆய்வு இதை எண்களால் சொன்னது. கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட 3 மைக்ரான் பட்டை, அதாவது அந்த முதல் மேடு, நேர்க்கோட்டில் இளைக்கிறது. 6 மைக்ரான் பட்டை அப்படி இளைப்பதில்லை. சரிபாதிக் கலவையில் இந்த இரண்டு பட்டைகளின் உச்சங்களுக்கு இடையேயான விகிதம் தூய பனியில் இருந்ததில் பாதியாகிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு நடுவில் வந்து உட்காருவதால், விரிந்து கிடந்த நீர் வலை அறுந்து சிறு சிறு குழுக்களாகிறது. குழு சிறுத்தால் ஓரம் அதிகம். ஓரத்தில் நிற்பவர்களுக்குத்தான் கை காலியாக இருக்கும்.

மதியம் அவள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பகிர்ந்தபடி, எந்த வேற்றாள் வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் முழுவதும் நம் பழைய சொல்லான கொடுக்கல் வாங்கலில் அடங்கிவிட்டது. நீர் இரண்டு கொடுக்கும், இரண்டு வாங்கும். தன் இரண்டு ஹைட்ரஜனையும் அண்டையாருக்குக் கொடுத்து, தன் ஆக்சிஜனில் வேறு இருவரின் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது. வரவும் செலவும் சமம் என்பதால்தான் நீர் வலை அவ்வளவு உறுதி.

கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கொடுக்க ஹைட்ரஜன் இல்லாதவை, வாங்குவதும் பட்டும் படாமலும். அவை வந்தால் வலை அறுகிறது. அம்மோனியா அப்படியல்ல. அதன் நைட்ரஜன் நீரின் ஹைட்ரஜனை இறுக்கிப் பிடித்து வாங்கிக்கொள்ளும், ஆனால் தன் மூன்று ஹைட்ரஜனில் எதையும் எளிதில் கொடுக்காது. அந்த இறுக்கமான பிடியால் நீரின் அதிர்வு இன்னும் தளர்ந்து, 3 மைக்ரான் மேட்டின் நீண்ட அலைப் பக்கம் 3.47 மைக்ரானை ஒட்டி ஒரு வால் தெரிகிறது. மெத்தனால் ஒன்று கொடுக்கும், ஒன்றிரண்டு வாங்கும். வலைக்குள் உறவாகச் சேர்ந்துகொண்டாலும் அதன் மெத்தில் முனை மட்டும் சேராமல் முதுகைக் காட்டி நிற்கும். ஹைட்ரஜன் குளோரைடு ஒரே கொடையாகத் தன் புரோட்டானையே நீரிடம் கொடுத்துவிட்டு அயனியாகிவிடுகிறது.

மிகச் சிறு அளவே பெரிய வேலை செய்துவிடுவதும் உண்டு. படிகப் பனியில் ஆக்சிஜன்கள் வரிசையாக இருந்தாலும் ஹைட்ரஜன்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதில் ஒழுங்கு கிடையாது. குளிர்வித்தால் ஒழுங்குக்கு வர வேண்டும், ஆனால் அந்தக் குளிரில் திரும்ப முடியாமல் இறுகிப்போகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1982-இல் பனியில் மிகக் கொஞ்சமாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தார்கள். 72 கெல்வினில் ஹைட்ரஜன்கள் திரும்பி வரிசைக்கு வந்தன. கரண்டியளவு உறைமோர் பானைப் பாலையும் தயிராக்குவதுபோல, அந்தச் சிறு மாசு பனிக்குள் ஓரிடத்துக் குறையை உண்டாக்க, அந்தக் குறை கைமாறிக் கைமாறிப் போய் வழியெல்லாம் மூலக்கூறுகளைத் திருப்பியது.

சாயங்காலம் தட்டைப் படிப்படியாகச் சூடேற்றினாள். 75 கெல்வின் வரை அந்தப் பல் தெளிவாக நின்றது. அதற்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறத் தொடங்கியதும் மங்கியது. நீர் மூலக்கூறுகள் மெல்ல அசைந்து, விரித்த கைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. 140 கெல்வின் தாண்டியதும் அகன்ற மேடு ஒடுங்கிக் கூர்மையாகிப் படிகமானது. அந்த நேரத்தில் உள்ளே கடைசிவரை சிக்கியிருந்த வாயுவும் பிரிந்து வெளியேற, அழுத்த எண் திடீரென்று துள்ளியது. “இனிமே இதைத் திருப்பி 15-க்குக் கொண்டு போனாலும் பழைய முகம் வராது டீச்சர்” என்றாள். ஒருமுறை சூடுபட்ட பனி அதை மறப்பதில்லை. அதனால்தான் பனியின் பட்டையைப் பார்த்து அது கடந்துவந்த சூட்டைச் சொல்ல முடிகிறது.

இதெல்லாம் யாருக்கு வேண்டும்? விண்மீன்கள் பிறக்கும் இருண்ட முகில்களில் தூசித் துகள்கள் 10 கெல்வின் குளிரில் மிதக்கின்றன. அவற்றின் மேல் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வந்து சேர்ந்து நீராகி, படிக வடிவமற்ற பனியாகப் படிகின்றன. அங்கே தூய பனி கிடையாது. நூறு நீர் மூலக்கூறுக்கு இருபது முப்பது கார்பன் டை ஆக்சைடு சாதாரணம். பின்னால் கோள்களும் வால்மீன்களும் உருவாகும்போது போய்ச் சேரும் நீர் இதுதான். அந்த நீர் எவ்வளவு என்று பட்டையின் உயரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கூட இருப்பவர் யார் என்று தெரியாமல் தூய நீரின் அளவுகோலால் அளந்தால் கணக்கு தப்பும். இங்கே எடுத்த நிறமாலைகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

அந்தக் காலிக் கையின் பல்லை விண்வெளியில் காண நெடுங்காலம் முடியவில்லை. நம் வளிமண்டலத்தின் நீராவி 2.7 மைக்ரான் ஒளியை விழுங்கிவிடும். கார்பன் மோனாக்சைடு அந்தக் கையைத் தொட்டால் அதன் பட்டை சென்டிமீட்டருக்கு 2139 அலையிலிருந்து 2152-க்கு நகர வேண்டும். சோதனைச்சாலையில் பளிச்சென்று தெரியும் அந்த 2152 விண்வெளிப் பனியில் காணாமலே இருந்தது துறையின் பெரிய புதிர். 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சுமார் 630 ஒளியாண்டு தொலைவில் பச்சோந்தி விண்மீன் குழுவிலுள்ள முகிலைப் பார்த்தது. 2.7 மைக்ரான் அருகே அந்த மெல்லிய தடம் தெரிந்ததாக 2024-இல் அறிவித்தார்கள். “அந்தப் படத்தைப் பாத்த அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல டீச்சர்” என்றாள். மேசை மேல் முளைத்த அதே வகைப் பல், அத்தனை ஒளியாண்டுக்கு அப்பால்.

கிளம்பும்போது அவளே ஒன்றை நினைவூட்டினாள். இதே வகை ஆய்வு சென்னையிலும் நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப்பின் குழுவினர் படிக வடிவமற்ற பனியில் மீத்தேனைச் சேர்த்து 30 கெல்வினில் நீண்ட நேரம் காத்திருந்தார்கள். பன்னிரண்டு ஐங்கோண முகம் கொண்ட கூண்டாக நீர் தன் பிணைப்புகளை மாற்றிக் கட்டி மீத்தேனை உள்ளே வைத்துக்கொண்டது என்று 2019-இல் எழுதினார்கள். அவ்வளவு குளிரில் அது நடக்குமா என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் உலகின் முன்னணி இதழில் நடந்தது. கிண்டியில் மின்சார ரயிலை விட்டிறங்கினால் கொஞ்ச தூரத்தில் இருக்கும் சோதனைச்சாலையைப் பற்றி என் மாணவர்களுக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் வகுப்பில் நீர் மூலக்கூறை வரைந்தேன். நான்கு கோடுகள் போட்டேன். பிறகு ஒரு கோட்டை அழித்து, அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடை உட்கார வைத்து, “இப்போது இந்த ஹைட்ரஜன் என்ன செய்யும்?” என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “சும்மா ஆடிட்டு இருக்கும் மிஸ்” என்றான். லெய்டனில் திரையில் நான் பார்த்த பல்லுக்கு அதைவிடச் சரியான விளக்கம் இல்லை.

வேதியியல் நடத்தும் சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீரை இனித் தனியாக வரைந்து நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் ஓர் அம்மோனியாவையோ மெத்தனாலையோ வரைந்து, யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விண்மீன் முகில்களில் உள்ள பனியெல்லாம் அந்தத் துணையோடுதான் இருக்கிறது.